உள்விளிம்பு

ருஸ்தாவி கார்ச் சந்தை. பிப்ரவரி. ஞாயிறு.
கருப்பு வண்டியைக் கழுவித் துடைத்து
சக்கரங்களை நேராக நிறுத்தினேன்.
நேராக நிறுத்துவது முக்கியம்.
கொஞ்சம் ஒடித்து வைத்தால்
உள்பக்கம் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால்
கூரான கட்டைகள், ஆழமான பள்ளங்கள்,
நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தவைபோல.
பாலிஷ் வேறு பூசியிருக்கிறேன்.
பத்தொன்பது அங்குல வட்டு,
அதைச் சுற்றி நாலு விரல் ரப்பர்.
பூமிக்கும் எனக்கும் நடுவே
அவ்வளவுதான்.

"எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?"
வாங்கிய அன்று நோதரிடம் கேட்டேன்.
டயர்க்கடை நோதர் கேள்விக்குக் கேள்விதான் தருவான்:
"எந்த ரோட்டில்?
யார் காலடியில்?
காற்று கடைசியாக எப்போது பார்த்தாய்?"
அட்டையில் நாற்பதாயிரம் என்று போட்டிருந்தது.
அட்டையை எழுதியவன்
கர்தபானி ரோட்டில் ஓட்டியவன் இல்லை.

இருபத்திரண்டாயிரத்தில்
முதல் கம்பி எட்டிப் பார்த்தது.

காரணம் தேடி அலைய வேண்டாம்.
ஸ்பிரிங்கை அறுத்தவன் நான்.
தாழ்ந்து நின்றால் வண்டி அழகு;
ஆனால் தாழ்ந்த வண்டியின் சக்கரங்கள்
ஈன்ற கன்றின் கால்கள்போல
அடியில் அகன்று நிற்கும்.
உள்விளிம்பில் இரண்டு விரல் அகலம்
மொத்தப் பாரத்தையும் சுமக்க
மிச்ச ரப்பர் சும்மா கூடவே உருளும்,
கல்யாண வீட்டு மாமன்மாதிரி.

வளைவில் வழுக்காமல் பிடிக்கட்டும் என்று
இளக்கிச் செய்த ரப்பர் வேறு.
இறுகப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும்
கொஞ்சம் தன்னை
ரோட்டில் விட்டுவிட்டு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
திபிலிசியில் ஒரு மழை ராத்திரி,
விமான நிலையத்திலிருந்து ஏற்றிய ஆள்
பின்சீட்டில் தூங்க,
தண்ணீர் மூடிய குழி.
உயரமான டயராக இருந்தால்
முழங்கால் மடக்கி இறங்கி ஏறியிருக்கும்.
இதற்கு முழங்கால் இல்லை.
டக்.
அவர் விழித்து, "வந்துவிட்டோமா?" என்றார்.
காலையில் டயரின் பக்கச்சுவரில்
முட்டை அளவு வீக்கம்.
அந்த ஒன்றை மட்டும் மாற்றினேன்.

சந்தைக்கு வருவோம்.
மூன்று பேர் வந்தார்கள்,
மூவரும் டயரைக் காலால் உதைத்தார்கள்.
உதைத்தால் என்ன தெரியுமோ?
தலையாட்டினார்கள்,
ரேடியோ பாடுகிறதா என்று பார்த்தார்கள்.

நாலாவதாகக் குவாந்த்சா.
ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடித்த கண்கள்.
அவள் உதைக்கவில்லை.
கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
நல்ல கோட்டோடு பனிச்சேற்றில் மண்டியிட்டு
டயருக்குப் பின்னால் கையை விட்டாள்.
படுத்தே கிடப்பவரின் முதுகுக்கடியில்
புண் தேடிப் பழகிய கை அது.
ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டிருந்தால்
என்ன ஆகும் என்று
அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விரலை வெளியே எடுத்தாள்.
நுனியில் ஒரு துளி ரத்தம்.

"இரண்டு மணிக்கொரு தடவை
நாங்கள் புரட்டிப் படுக்க வைப்போம்.
நீங்கள் ஒரு தடவைகூட
மாற்றிப் போடவில்லை, இல்லையா?"

நாலு டயர் விலையைக் கழித்துக்கொள்கிறேன் என்றேன்.
"ஸ்பிரிங்?"
அதையும்.
கைப்பையிலிருந்து பஞ்செடுத்து விரலைச் சுற்றியவள்
யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.
அந்தக் குரல் எல்லா விற்பவனுக்கும் தெரியும்.

அவள் போன பிறகு
வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.
ஸ்டியரிங்கை இடது பக்கம்
முட்டும்வரை ஒடித்தேன்.
வெயிலில் கம்பிகள் மினுங்கின.

அட்டையில் இருந்த விலையை அடித்துவிட்டு
கீழே வேறு எழுதினேன்.
பொழுது சாயும்வரை ஒருவரும் நிற்கவில்லை.
பாலிஷ் டப்பாவில்
இன்னும் பாதி இருக்கிறது.